ஓட்டத்தின் வலுவை ஓய்விலே காண்போம்

வன்னி மண்ணில் மாரி பிறந்துவிட்டால், வழியிலே சந்திப்போர் ஒருவரையொருவர் முதலிற் கேட்கும் கேள்வி, "குளத்திலே எத்தனை அடி?" என்பதேயாகும். கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி, கிளிநொச்சியின் வயல்களுக்கு ஊட்டும் இரணைமடுக் குளம் வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்ப்பாசனக் குளமாகும். குளத்தின் அளவுகோல் காட்டும் அடிக்கணக்கைக் கொண்டே, இவ்வாண்டு எத்தனை ஏக்கரிற் சிறுபோகம் செய்யலாம் என்பதைக் கமக்காரர் கூடி முடிவு செய்கின்றனர். "பார்வைக்கு நிறையத் தண்ணீர் தெரிகின்றது, விதைத்துவிடுவோம்" என்று கூறுபவரை எவரும் கமக்காரர் என்று மதிக்கமாட்டார்கள்.

நீரை இத்துணைக் கவனமாக அளக்கும் நாம், நம் பிள்ளைகளின் தேகவலுவை எவ்வாறு அளக்கின்றோம்? தை மாசி மாதங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகின்றது. மரதன் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்த மாணவர் வீதியில் இறங்கி ஓடுகின்றனர். முதலில் வந்தவன் வீரன். பின்னால் வந்தவன் வலுவற்றவன். ஆண்டு முழுவதற்கும் அளவு அவ்வொரு நாளே. அன்று காய்ச்சலோடு ஓடியவன் எவன், முதல் நாள் இரவு நித்திரையின்றி இருந்தவள் எவள், அளவறியாது ஆரம்பத்திலேயே பாய்ந்து இடைவழியில் இளைத்தவன் எவன் என்பதையெல்லாம் எவரும் எழுதி வைப்பதில்லை.

நம்மவரிடம் தாங்குதிறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிலே பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் அதே நீரிணையை 51 மணி நேரத்தில் போகவும் வரவும் நீந்தி உலகை வியக்க வைத்தார். வன்னியிலேயே முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், தமது 72ஆவது வயதில், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிலே 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கம் பெற்றார். வலு இருக்கின்றது, அதனை அளந்து வளர்க்கும் வழக்கமே நம்மிடம் குறைவு.

ஆய்வுகூடம் இல்லாத ஊரில் அளப்பது எங்ஙனம் என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோல் பயிற்சிக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றது. விரைந்து ஓடி, சிறிது ஓய்ந்து, மீண்டும் விரைந்து ஓடும் முறையை நெடுந்தூர ஓட்ட வீரர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். இந்நாளில் அதனை உயர்தீவிர இடைவேளைப் பயிற்சி என்பர். தேகத்தை வளர்க்கும் அப்பயிற்சியே தேகத்தை அளக்கும் பரீட்சையாகவும் அமைகின்றது என்பதுதான் இதன் சிறப்பு.

ஆய்வுகூடத்தின் வழி

நெடுந்தூரம் ஓடுபவனுடைய தசைகள் வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். அதனை மூச்சுக் காற்றிலிருந்து பிரித்து இரத்தத்திலே சேர்ப்பது சுவாசப்பை. இரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்புவது இருதயம். ஒருவன் தன் முழு முயற்சியில் ஒரு நிமிடத்திற்கு எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லன் என்பதே அவனுடைய தாங்குதிறனின் பேரளவு எனலாம். 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஆங்கில விஞ்ஞானி ஏ. வி. ஹில், முதுகிலே காற்றுப் பையைச் சுமந்து கொண்டு புற்றரையைச் சுற்றித் தாமே ஓடி, விட்ட மூச்சைப் பிடித்து ஆராய்ந்து இவ்வுண்மைக்கு வழி திறந்தார்.

பயிற்சியில்லாத வாலிபன் ஒருவன் தன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முதல் 45 மில்லிலீற்றர் பிராணவாயுவைப் பயன்படுத்துவான். உலகின் தலைசிறந்த நெடுந்தூர வீரரிற் சிலரிடத்தே இது 80ஐயும் கடந்து நிற்பதுண்டு. இதனைச் செவ்வையாக அளக்க, ஓடும் பட்டி பூட்டிய இயந்திரமும், முகமூடியும், வாயுக்களைப் பகுக்கும் கருவியும், பழகிய நிபுணரும் வேண்டும். அத்தகைய வசதிகளை நாடித் தலைநகருக்குச் செல்வதாயின், கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்ய வேண்டும். நெல் விற்ற காசிலே பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கும் குடும்பத்துக்கு இது எளிதன்று. ஒரு முறை சென்று வந்தாலும், அடுத்த மாதம் பிள்ளை முன்னேறினானா பின்னடைந்தானா என்பதை அறிய மறுபடியும் செல்ல முடியுமா?

ஓய்வைக் கண்டுபிடித்த இருவர்

இவ்விடத்திலேதான் இடைவேளைப் பயிற்சியின் வரலாறு நமக்கு உதவுகின்றது. 1930களில் ஜேர்மனியிலே வொல்டமார் கேர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும், ஹேர்பேர்ட் றைன்டெல் என்னும் இருதய வைத்தியரும் கூடி இம்முறையை ஒழுங்குபடுத்தினர். குறுந்தூரத்தை விரைந்து ஓடச் செய்வர். நாடி நிமிடத்திற்கு 180 வரை ஏறும். பின்னர் ஓய்வு. நாடி 120 அளவுக்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். அவ்வாறு இறங்குவதற்கு ஒன்றரை நிமிடத்திற்கு மேற் சென்றால், அந்த ஓட்டம் வீரனின் சக்திக்கு மிஞ்சியது என்று கொள்வர்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எப்போது மீண்டும் ஓட வேண்டும் என்பதைப் பயிற்றுநரின் அதட்டல் தீர்மானிக்கவில்லை; வீரனுடைய நாடியே தீர்மானித்தது. ஆகவே இப்பயிற்சி பிறந்த நாளிலேயே ஓர் அளவுகோலாகவும் பிறந்தது எனலாம். கேர்ஷ்லரின் மாணாக்கரான றுடொல்ப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டில் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி நிலைநாட்டிய உலக சாதனை 1955ஆம் ஆண்டு வரை அசையாது நின்றது.

செக் நாட்டு வீரர் எமில் சாட்டோபெக் இதனை வேறொரு வகையிற் கையாண்டார். 400 மீற்றரை ஒரே நாளில் பல பத்து முறை, இடையிடையே மெல்லோட்டத்துடன் ஓடுவார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். மரதன் ஓட்டத்தை அவர் ஓடியது அதுவே முதற்றடவை என்பது வியப்பன்றோ?

பானிஸ்டரின் கணக்குப் புத்தகம்

இப்பயிற்சியை அளவுகோலாகக் கொண்டதற்கு, யாவரும் அறிந்த சரித்திரத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனிதனால் இயலாது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், றொஜர் பானிஸ்டர் என்னும் வைத்திய மாணவர் அதற்கு ஆயத்தஞ் செய்தார். 1953ஆம் ஆண்டு மார்கழியில் அவரும் நண்பர்களும் கால் மைல் தூரத்தைப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் 66 செக்கனில் ஓடத் தொடங்கினர். இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் சரியாக இரண்டு நிமிட ஓய்வு. தூரம் மாறவில்லை, தொகை மாறவில்லை, ஓய்வு மாறவில்லை; ஓடும் நேரம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. மாதங்கள் செல்ல 66 படிப்படியாகக் குறைந்து 61 ஆயிற்று.

ஆனால், 61இலேயே நின்றுவிட்டது. எத்துணை முயன்றும் 60ஐ எட்ட இயலவில்லை. சாதாரண வீரனாயின், இன்னும் கடுமையாக ஓட வேண்டும் என்றே எண்ணியிருப்பான். பானிஸ்டரோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நண்பர் ஒருவருடன் ஸ்கொத்லாந்துக்குச் சென்று சில நாள் மலையேறினார். திரும்பி வந்து அதே பத்துக் கால் மைல்களை ஓடியபோது நேரம் 59 செக்கனாக இறங்கியிருந்தது. 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் நகரிலே அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார்.

இதிலே இரண்டு பாடங்கள் உள. ஒன்று, மாறாத ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்து எழுதி வைத்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று, முன்னேற்றம் நின்றதையும் அது காட்டும். அவ்வேளையில் வேண்டியது கூடுதல் உழைப்பா, ஓய்வா என்று சிந்திக்கவும் வைக்கும். எழுதி வைக்காத வீரனுக்கு இவ்விரண்டும் கிட்டா.

ஒரே தொகை, இரு வேறு வீரர்

நம் ஊருக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். பாடசாலை மைதானத்திலோ, வாகனப் போக்குவரவு இல்லாத ஒழுங்கையிலோ 400 மீற்றரை அளந்து கொள்ளலாம். நில அளவைச் சங்கிலி வேண்டியதில்லை. துவிச்சக்கர வண்டியே போதும். முன் சில்லின் சுற்றளவை நூலாலோ நாடாவாலோ முதலில் அளந்துகொள்க. நம் ஊர்ப் பெரிய சில்லு வண்டியில் அது ஏறத்தாழ 2 மீற்றர் 20 சென்ரிமீற்றர் இருக்கும். அப்படியாயின் வண்டியை உருட்டிச் செல்கையிற் சில்லு 182 முறை சுற்றினால் 400 மீற்றர் ஆகிவிடும். சில்லில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டால் எண்ணுவது எளிது.

பதினைந்து நிமிட மெல்லோட்டத்தாற் தேகத்தைச் சூடேற்றியபின், 400 மீற்றரை ஆறு தடவை ஓட வேண்டும். இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஒவ்வொரு தடவைக்கும் எடுத்த நேரத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியிலுள்ள மணிக்கூடே இதற்குப் போதும்.

இரு மாணவர் ஓடினார்கள் என்று வைத்துக் கொள்வோம். முதலாமவன் 75, 78, 82, 88, 93, 97 செக்கன்களில் ஓடுகின்றான். இரண்டாமவன் 85, 85, 86, 85, 86, 86 செக்கன்களில் ஓடுகின்றான். கூட்டிப் பாருங்கள், இருவர்க்கும் மொத்தம் 513 செக்கனே. ஆயினும் இருவரும் ஒரே வகை வீரர் அல்லர். ஒரேயொரு தடவை ஓட விட்டிருந்தால் முதலாமவனையே ஆசிரியர் தெரிவு செய்திருப்பார். இரண்டாமவன் பத்துச் செக்கன் பின்தங்கியவனாகப் புறக்கணிக்கப்பட்டிருப்பான். ஆறு தடவை ஓடிய பின்னரே, நெடுந்தூரத்திற்கு வேண்டிய அளவறிவும் விரைந்து இளைப்பாறும் ஆற்றலும் இரண்டாமவனிடமே உள்ளன என்பது தெரிகின்றது. முதலாமவனைக் குறை கூறுவதும் முறையன்று. அவன் 800 மீற்றருக்கு ஏற்றவனாக இருக்கலாம். அல்லது அளவறிந்து ஓடப் பழகாதவனாக இருக்கலாம். எது உண்மை என்பதை அடுத்த மாதப் பரீட்சை சொல்லும்.

இடைவிட்டு ஓடச் செய்து அளக்கும் இக்கருத்தை உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யென்ஸ் பாங்ஸ்போ, உதைபந்தாட்ட வீரருக்கென ஒரு பரீட்சையை அமைத்தார். 20 மீற்றர் தூரம் ஓடித் திரும்பி வருதல், பத்துச் செக்கன் ஓய்வு, பின்னர் சற்றுக் கூடிய வேகத்தில் மீண்டும் ஓடுதல் என அது நடைபெறும். சில அடையாளக் கம்பங்களும் ஓர் ஒலிப்பதிவுமே அதற்கு வேண்டிய கருவிகள்.

நாடி கூறும் செய்தி

ஓடிய நேரம் செய்தியின் ஒரு பாதி. மறு பாதி நாடியில் இருக்கின்றது. மணிக்கட்டிலே மூன்று விரல் வைத்து நோயறியும் மரபிலே வந்த நமக்கு நாடி பார்த்தல் புதிதன்று.

ஓட்டம் முடிந்தவுடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 செக்கன் நாடித் துடிப்பை எண்ணி நான்காற் பெருக்க வேண்டும். சரியாக ஒரு நிமிடம் கழிந்ததும் மீண்டும் 15 செக்கன் எண்ணிப் பெருக்க வேண்டும். முதலில் 45 துடிப்பும் பின்னர் 36 துடிப்பும் எண்ணினால், நாடி 180இலிருந்து 144க்கு இறங்கிற்று என்பது பொருள், இறக்கம் 36. எண்ணுவதில் ஒன்று பிழைத்தால் கணக்கில் நான்கு பிழைக்குமாதலால், இருவர் சேர்ந்து ஒருவர் மணிக்கூட்டையும் ஒருவர் நாடியையும் பார்ப்பது நன்று. கழுத்து நாடியை அழுத்திப் பிடித்தலாகாது. அவ்வழுத்தமே இருதயத் துடிப்பைக் குறைத்துவிடக் கூடும். மணிக்கட்டில் அணியும் நவீன மணிக்கூடுகள் தாமே நாடியைக் காட்டுகின்றன. எனினும் கைகள் விரைந்து வீசும் ஓட்டத்தின்போது அவை பிழைப்பதுண்டு. மார்பிலே கட்டும் பட்டி அதனினும் நம்பத்தக்கது.

ஓட்டம் நின்றதும் நாடி இறங்குவது எதனால்? இருதயத்திற்கு முடுக்கும் நரம்பும் உண்டு. கடிவாளம் போலப் பிடித்து நிறுத்தும் நரம்பும் உண்டு. ஓடும்போது கடிவாளம் தளர்கின்றது. நின்றதும் அது மீண்டும் இறுகுகின்றது. நல்ல பயிற்சி பெற்ற தேகத்திலே கடிவாளம் விரைவில் இறுகும். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வைத்தியர்கள், இருதயப் பரிசோதனைக்கு வந்தவர்களை ஆராய்ந்து ஒரு செய்தியை வெளியிட்டனர். நடைப் பரிசோதனையின் உச்சத்திற்குப் பின் முதல் நிமிடத்தில் நாடி இறக்கம் 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களிடையே, பின்வந்த ஆண்டுகளில் மரணம் கூடுதலாகக் காணப்பட்டது என்பதே அச்செய்தி. ஆகவே இது வீரர்களுக்கு மட்டுமன்றி இல்லத்தார் அனைவர்க்கும் உரிய அறிவாகும்.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, பயிற்சி பெற்ற துவிச்சக்கர வண்டி வீரர்களை நான்கு வாரம் உயர்தீவிர இடைவேளைப் பயிற்சியில் ஈடுபடுத்திக் கவனித்தனர். வாரத்துக்கு வாரம் நாடி இறக்கம் கூடிச் சென்ற வீரர்கள், 40 கிலோமீற்றர் ஓட்டத்திற் கூடிய முன்னேற்றம் கண்டனர். நாடி இறக்கம் குறைந்தவர்கள் அத்துணை முன்னேறவில்லை. எல்லோரும் செய்தது ஒரே பயிற்சி. ஆயினும் எல்லாத் தேகங்களும் அதனை ஒரே வகையாக ஏற்றுக்கொள்ளவில்லை. இதனை நாடி முன்னரே அறிவித்துவிட்டது.

நாடி மட்டும் போதாது

எனினும் நாடியை மட்டும் நம்பினால் ஏமாற்றம் உண்டு. வரம்பு மீறி உழைத்துக் களைத்த வீரர்களிடத்திலே நாடி உயராமலும், விரைவாக இறங்கியும் காணப்படுவதுண்டு என்பதைப் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். மேலெழுந்தவாரியாக நோக்கினால் அது முன்னேற்றம் போலவே தோன்றும். ஆகவே நேரம், நாடி, வீரனுடைய சொந்த உணர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

ஓடும் நேரம் முன்போலவே இருக்க, நாடி முன்னையிலும் தாழ்ந்து, உடம்பும் இலேசாக இருக்கின்றதா? அது முன்னேற்றம். அதே நேரத்தில் ஓடியும் நாடி முன்னையிலும் உயர்ந்து, மெல்ல மெல்ல இறங்குகின்றதா? வெப்பம், நீர் குறைவு, நித்திரைக் குறைவு, வரவிருக்கும் காய்ச்சல் என்பவற்றுள் ஏதோ ஒன்று இருக்கலாம். நாடி தாழ்ந்திருந்தும், பழைய வேகம் வரவில்லை, கால்கள் கனக்கின்றன என்று பிள்ளை கூறுகின்றானா? அது பெருங்களைப்பின் குறி. பானிஸ்டர் மலைக்குச் சென்றது போல ஓய்வு கொடுக்க வேண்டிய வேளை அது.

பரீட்சை பரீட்சையாக இருக்க வேண்டுமானால் சூழ்நிலை மாறலாகாது. ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஓய்வு, ஒரே வகைச் சப்பாத்து வேண்டும். ஓய்வின்போது நிற்பதாயின் எப்போதும் நிற்க வேண்டும். நடப்பதாயின் எப்போதும் நடக்க வேண்டும். இரணைமடுப் பகுதியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெட்டவெளியில் ஓடுபவனைக் காற்று ஒரு திசையில் தள்ளும், மறு திசையிற் தடுக்கும். ஆதலாற் போய் வரும் பாதையே அப்போது பொருத்தமானது. வெயில் ஏறுமுன் விடியற் காலையிலே நடத்துவது மிக நன்று. கிளிநொச்சியின் சித்திரை வெயிலிலே எடுத்த அளவை மார்கழிக் குளிரிலே எடுத்த அளவுடன் ஒப்பிடுதல் நியாயமாகாது.

ஒருவனுடைய அளவை மற்றொருவனுடைய அளவுடன் ஒப்பிடுவதும் தவறு. ஒரே வயதினரிடத்தும் உச்ச நாடி வேறுபடும். தன்னுடைய சென்ற மாதத்து அளவுடனேயே ஒவ்வொருவனும் தன்னை ஒப்பிட வேண்டும். மேலும், இப்பரீட்சை நெடுந்தூர ஓட்டத்தின் எல்லாத் திறனையும் அளந்துவிடாது. மரதன் ஓடுபவனுக்கு மணிக்கணக்காக மெல்ல ஓடிப் பழகிய கால்களும் வேண்டும். அப்பழக்கத்தின் இடத்தை இடைவேளைப் பயிற்சி நிரப்பமாட்டாது.

எல்லை கடவாமை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலிலே பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிர் துறந்த செய்தி நாட்டையே கலங்க வைத்தது. அத்துயரத்தின் காரணத்தை ஆராய்வது நமது வேலையன்று. ஆயினும், பிள்ளைகளை ஓட விடும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இப்பிள்ளையின் தேகநிலையை அறிந்து ஓட விடுகின்றோமா, அறியாமல் ஓட விடுகின்றோமா?

ஓடும்போது மயங்கியவர், நெஞ்சு நோவு கண்டவர், காரணமின்றி நெஞ்சு படபடப்பவர், குடும்பத்தில் இளவயதிலே திடீர் மரணம் நேர்ந்தவர் ஆகியோர் வைத்தியரைக் கண்ட பின்னரே கடும் ஓட்டத்தில் இறங்க வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் எவரும் ஓடலாகாது. காய்ச்சல் நீங்கிய மறுநாளே பரீட்சை வைத்தலும் ஆகாது. புதிதாக ஓடத் தொடங்கும் பிள்ளை சில மாதங்கள் மெல்லோட்டத்திலே பழகிய பின்னரே இவ்வகைப் பயிற்சிக்கு வர வேண்டும். பழகியவருக்கும் கடும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டியதில்லை. அளக்கும் பரீட்சையோ மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். இரண்டாம் மூன்றாம் ஓட்டத்திலேயே நேரம் வெகுவாக நீண்டு, நாடி இறங்க மறுத்தால், "இன்னும் மூன்று இருக்கின்றது, ஓடு" என்று தூண்டாமல் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துவதுதான் நல்லாசிரியர்க்கு அழகு.

தாய்மாரின் பங்கு

இது மைதானத்துச் செய்திதானே, அடுக்களையில் இருக்கும் எமக்கு என்ன என்று தாய்மார் எண்ணலாகாது. ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பெண்பிள்ளை ஒருத்தியின் நேரம் மாதத்துக்கு மாதம் பின்னடைந்து, நாடி உயர்ந்து, முகமும் வெளிறினால், அவள் சோம்பேறியாகி விட்டாள் என்று கடிந்து கொள்ளாதீர்கள். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்திருக்கலாம். பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்தின் செந்நிறப் பொருளே. அதற்கு இரும்பு வேண்டும். மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பருவத்துப் பெண்களிடம் இக்குறை மிகுதி. வைத்தியசாலையிற் செய்யும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும்.

மீன், இறைச்சி, பயறு, கீரை வகைகள் ஆகியன இரும்பு தரும் உணவுகள். கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சம்புளியோ நெல்லிக்கனியோ சேர்த்தால் அவற்றிலுள்ள இரும்பு உடலிற் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பிள்ளைக்கு எட்டு ஒன்பது மணி நேர நித்திரை கிடைக்கின்றதா என்று கவனிப்பதும் வீட்டாரின் கடமையே. மைதானத்துக் கணக்குப் புத்தகத்திலே விழும் எண்களிற் பாதி, வீட்டிலேதான் பிறக்கின்றன.

ஒரு கொப்பியின் மதிப்பு

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் வெறுங்கையோடு மீளக் குடியமர்ந்த மண் இது. வயல்களும் பாடசாலைகளும் ஒன்றொன்றாகத் தலை நிமிர்ந்து வருகின்றன. பெரிய விளையாட்டரங்குகளும் ஆய்வுகூடங்களும் இங்கே வருமாயின் நாம் மகிழ்வோம். அவற்றைக் கேட்பதும் நம் உரிமை. ஆனால் அவை வரும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் ஓட்டம் காத்திருக்குமா?

உடற்கல்வி ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறு காரியமே. ஓடும் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் ஒரு கொப்பி கொடுங்கள். திகதி, நேரம், காற்று, வெயில், ஆறு ஓட்டங்களின் செக்கன்கள், நாடியின் ஏற்றமும் இறக்கமும், முதல் நாள் நித்திரை, உடம்பின் நிலை ஆகியவற்றைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். ஆறு மாதங் கழிந்ததும் அக்கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். போட்டி நாளன்று பின்னால் வந்த சிறுவன் ஒருவன், ஆறு மாதத்தில் தன்னைத் தானே வென்று முன்னேறியிருப்பதை அதிலே காண்பீர்கள். வெற்றிக் கிண்ணம் வாங்கிய ஒருவன், ஓய்வின்றித் தேய்ந்து கொண்டிருப்பதையும் அதிலேயே காணலாம். முன்னவனைக் கைவிடாமலும் பின்னவனைக் காலமறிந்து இளைப்பாற விட்டும் காப்பதற்கு வேண்டியது அந்த ஒரு கொப்பியும், ஒரு மணிக்கூடும், மணிக்கட்டிலே பதியும் விரல்களுமே.